ஜோர்ஜியன் விரிகுடாவில் ஒரு படகுத்துறைக் கிடங்கு: ஸ்னோமொபைலை நீண்ட காலம் விட்டுவைப்போருக்கான மதிப்பீடு

ஒன்ராறியோவின் பாரி சவுண்ட் நகரை ஒட்டிய ஜோர்ஜியன் விரிகுடாக் கரையில், குளிர்காலம் முழுவதும் படகுகளைக் காத்துவைக்கும் கொட்டகைகளை, வசந்தத்தில் படகுகள் நீரில் இறங்கியதும், பனிமேல் ஓடும் வண்டிகளான ஸ்னோமொபைல்களுக்கு வாடகைக்கு விடும் படகுத்துறைகள் இருக்கின்றன. அவற்றுள் ஒன்றில் என் வண்டியை ஒரு கோடைக்கு மட்டும் என்று ஒப்படைத்தேன். ஆனால் 2023-24 குளிர்காலம் கனடாவில் இதுவரை பதிவானவற்றுள் மிக வெப்பமான குளிர்காலமாக அமைந்துவிட்டது. தெற்கு ஒன்ராறியோவில் பல பனிப்பாதைகள் திறக்கப்படாமலே பருவம் முடிந்ததால், ஒரு கோடை என்று தொடங்கிய தங்கல் அடுத்த கோடையையும் கடந்து நீண்டது. ஒரு சேமிப்புச் சேவையின் தரத்தை ஆறு மாதத்தில் முழுமையாக அறிய முடியாது. ஒன்றரை ஆண்டு அசையாமல் கிடந்த வண்டி அதை நன்றாகவே காட்டிக் கொடுக்கும் என்பதால் இந்த மதிப்பீட்டை விரிவாக எழுதுகிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எஞ்சினுக்குள் செய்ய வேண்டிய வேலைகளை அந்தப் படகுத்துறை மிகுந்த தேர்ச்சியோடு செய்தது. கொட்டகை தேவைக்குப் போதுமானதாக இருந்தது. பற்றரியைப் பேணுவதிலும் எலிகளைத் தடுப்பதிலும் குறை இருந்தது. இக்கரையில் இதே முறையில் இயங்கும் வேறு இடங்களை நாடுவோருக்கும் இது பயன்பட வேண்டும் என்பதாலும், குறைகளை ஒரு சிறு குடும்பத் தொழிலின் பெயரோடு ஒட்டிவைக்க விரும்பாததாலும், அதன் பெயரை எழுதவில்லை.

சேமிப்பிடம் தேடுவோர் பெரும்பாலும் முதலில் கேட்பது கூரையைப் பற்றித்தான். உள்ளிடமா, வெளியிடமா, சூடாக்கப்பட்டதா, பூட்டு உண்டா, கமரா உண்டா என்று விசாரித்துவிட்டு வாடகையை ஒப்பிட்டு முடிவெடுத்துவிடுகிறார்கள். இவை கேட்க வேண்டியவைதாம். ஆயினும் ஸ்னோமொபைல் கெடுவது பெரும்பாலும் அதன் உள்ளிருந்துதான். அதை நிறுத்திவைப்பதற்கு முந்தைய அரை மணி நேரத்தில் யார் என்ன செய்தார்கள் என்பதே அடுத்த பருவத்தில் எஞ்சின் ஓடுமா, உடையுமா என்பதைத் தீர்மானிக்கிறது. நல்ல கூரையின் கீழ் தவறாக நிறுத்தப்பட்ட வண்டியை விட, வீட்டின் பின்புறத்தில் துணி மூடி முறையாக நிறுத்தப்பட்ட வண்டி நலமாக இருக்கும். ஆகவே வாடகைச் சீட்டில் கையெழுத்திடும் முன், வண்டியைப் பருவ ஓய்வுக்குத் தயார்செய்யும் வேலை கட்டணத்தில் அடங்குமா, அதை யார் செய்வார், எந்த முறையில் செய்வார் என்று கேட்பது முதற்கேள்வியாக இருக்க வேண்டும்.

இதன் காரணத்தைச் சற்று விளக்க வேண்டும். காரில் உள்ள ஃபோர்-ஸ்ட்ரோக் எஞ்சினின் அடியில் எண்ணெய் தேங்கி நிற்கும். அந்த எண்ணெய் உள்ளுறுப்புகளை எல்லாம் நனைத்து, நிறுத்தியபின்னும் ஓரளவு காப்பாக அமையும். பெரும்பாலான ஸ்னோமொபைல்களில் உள்ள டூ-ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு அத்தகைய எண்ணெய்த் தேக்கம் கிடையாது. ஓடும்போது உள்ளே செல்லும் காற்றோடும் பெற்றோலோடும் கலந்து வரும் மெல்லிய எண்ணெய்த் துளிகளே, எஞ்சினின் சுழல்தண்டைத் தாங்கும் கிராங்க் பேரிங்குகளையும் சிலிண்டர் சுவரையும் காக்கின்றன. எஞ்சின் நின்றதும் அந்தப் படலம் மெல்ல வடிந்துவிடுகிறது. ஜோர்ஜியன் விரிகுடாக் கரையில் மே மாத இரவுகள் குளிர்ந்தும் பகல்கள் ஈரப்பதத்தோடு வெதுவெதுப்பாகவும் இருப்பதால், இரவில் குளிர்ந்த உலோகத்தின் மீது பகற்காற்றின் ஈரம் நீராகப் படிகிறது. காற்று உள்ளே வரும் வழியும் புகை வெளியேறும் வழியும் திறந்தே இருப்பதால் இந்த ஈரம் எஞ்சினுக்குள்ளும் நுழைகிறது. பேரிங்கினுள் உள்ள, எண்ணெய்க் காப்பில்லாத எஃகு உருளைகளின் மேல் ஊசிமுனை அளவில் துருப்புள்ளிகள் தோன்றுவதற்கு ஒரு கோடையே போதும். அடுத்த குளிர்காலத்தில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 8,000 சுழற்சியில் அந்தப் பேரிங் சுழலும்போது அப்புள்ளிகள் பெரிதாகி, ஒரு நாள் காட்டின் நடுவே எஞ்சின் பூட்டிக்கொள்ளும். பருவத்தின் தொடக்கத்தில் ஏற்படும் எஞ்சின் முறிவை ஓட்டியவரின் குறையாகவோ உற்பத்திக் குறையாகவோ கருதும் பலர், அதன் வேர் முந்தைய கோடையில் இருக்கக்கூடும் என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை.

இதற்கான பரிகாரம் பழையது, எளியது. ஃபாகிங் எண்ணெய் என்று விற்கப்படும் ஒட்டும் தன்மையுள்ள எண்ணெயை, எஞ்சின் மெதுவாக ஓடிக்கொண்டிருக்கும்போதே காற்று செல்லும் வாயில் தெளிப்பார்கள். அடர்ந்த வெண்புகை கிளம்பி எஞ்சின் திணறி நின்றுபோகும் வரை தெளித்தால், உள்ளே எல்லாப் பகுதியிலும் ஒரு தடித்த படலம் படிந்துவிடும். காற்றையும் பெற்றோலையும் கலந்து அனுப்பும் கார்புரேட்டர் உள்ள பழைய வண்டிகளுக்கு இதுவே முறை. என்னுடைய வண்டி ஸ்கீ-டூ. அதில் உள்ள, பெற்றோலை நேரே சிலிண்டருக்குள் தெளிக்கும் ரோட்டாக்ஸ் 600 ஈ-டெக் எஞ்சினில் இந்த வேலைக்கென்றே சேமிப்பு முறை ஒன்று மென்பொருளில் அமைக்கப்பட்டிருக்கிறது. எஞ்சினை வழக்கமான வெப்பநிலைக்குக் கொண்டுவந்தபின், கைப்பிடியில் உள்ள பொத்தான்களைக் குறித்த வரிசையில் அழுத்தினால், வண்டி தன் எண்ணெய்ப் பம்பைக் கொண்டே உள்ளுறுப்புகளை மிகையான எண்ணெயால் நனைத்து, ஏறத்தாழ ஒரு நிமிடத்தில் தானாகவே நின்றுவிடுகிறது. இடையில் ஆக்சிலரேட்டரைத் தொடக் கூடாது.

இந்தப் படகுத்துறையின் மீது எனக்கு நம்பிக்கை பிறந்தது இவ்விடத்தில்தான். ஈ-டெக் தொழில்நுட்பம் ஸ்னோமொபைலுக்கு 2009ஆம் ஆண்டு மாதிரிகளில் வந்தது. அதற்கு முன்பே 2003இலிருந்து எவின்ரூட் படகு எஞ்சின்களில் அது இருந்தது. அந்தப் படகு எஞ்சின்களிலும் குளிர்கால ஓய்வுக்கான தானியங்கி முறை ஒன்று உண்டு. எவின்ரூட் உற்பத்தி 2020இல் நிறுத்தப்பட்டபோதும் விரிகுடாவில் அவ்வெஞ்சின்கள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. ஆண்டுதோறும் இலையுதிர்காலத்தில் அவற்றை ஓய்வுக்கு அனுப்பிப் பழகிய கைகள், வசந்தத்தில் ஸ்னோமொபைலுக்கு அதே வேலையைச் செய்கின்றன. வண்டியை ஏற்றுக்கொண்ட மெக்கானிக் என் கண்முன்னேயே இதைச் செய்து, நடக்கும்போதே ஒவ்வொரு படியையும் விளக்கி, முடிந்ததும் சாவியோடு சேர்த்து ‘இனி ஸ்டார்ட் செய்யக் கூடாது’ என்று எழுதிய அட்டையைக் கைப்பிடியில் கட்டினார். ஸ்னோமொபைல் வணிகம் செய்யாத ஓர் இடத்தில் இத்தகைய அறிவை நான் எதிர்பார்க்கவில்லை. படகையும் ஸ்னோமொபைலையும் ஒரே இடத்தில் பராமரிப்பது இட வசதிக்காக உருவான ஏற்பாடு என்றாலும், தொழில்நுட்ப வகையிலும் அது பொருந்தி வருகிறது.

அந்த அட்டையின் வாசகத்தை வலியுறுத்தியே ஆக வேண்டும். மாதம் ஒருமுறை ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து வைத்தால் எஞ்சினுக்கு நல்லது என்ற நம்பிக்கை நம்மவரிடையே மட்டுமன்றி ஸ்னோமொபைல் ஓட்டும் எல்லோரிடமும் ஆழமாக ஊறியிருக்கிறது. பெற்றோல் எரியும்போது நீராவி உண்டாகிறது; முழு வெப்பம் அடையாத எஞ்சினில் அந்நீராவி உள்ளேயே நீராக மாறித் தங்குகிறது. அதோடு, முறையாகப் படியவைத்த எண்ணெய்ப் படலத்தை உள்ளே வரும் புதிய பெற்றோல் கழுவிவிடுகிறது. காப்பாற்றுவதாக எண்ணிச் செய்யும் இச்செயல், வண்டியைத் தொடாமல் விட்டிருந்தால் நேராத சேதத்தை உண்டாக்குகிறது. வாடிக்கையாளர் தாமாக வந்து ஸ்டார்ட் செய்வதை அந்தப் படகுத்துறை தன் விதிகளிலேயே தடைசெய்திருப்பதை நான் முழுமனதோடு வரவேற்கிறேன்.

அடுத்தது எரிபொருள். ஒன்ராறியோவில் விற்கும் சாதாரணப் பெற்றோலில் எத்தனால் கலப்பு சட்டப்படி கூடிக்கொண்டே வருகிறது. சராசரியாக 10 சதவீதமாக இருந்த கட்டாயம் 2025இல் 11 சதவீதமாகி, 2030இல் 15 சதவீதத்தை எட்ட வேண்டும் என்று விதி இருக்கிறது. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை ஈர்க்கும். ஈரம் ஓரளவைத் தாண்டியதும் நீரும் எத்தனாலும் சேர்ந்து பெற்றோலிலிருந்து பிரிந்து தொட்டியின் அடியில் தங்கிவிடும். எரிபொருளை உறிஞ்சும் குழாயும் அடியில்தான் இருக்கிறது என்பதால், அடுத்த பருவத்தில் முதலில் எஞ்சினுக்குள் போவது இந்தக் கலவையாகவே இருக்கும். எனவே எத்தனால் இல்லாத உயர்ரகப் பெற்றோல் கிடைக்கும் நிலையத்தைத் தேடிப் பிடித்து, ஏறக்குறைய முழுத் தொட்டியாக நிரப்பி வருமாறு படகுத்துறையினர் முன்கூட்டியே மின்னஞ்சலில் கேட்டிருந்தார்கள். தொட்டி நிறைந்திருந்தால் உள்ளே ஈரக்காற்றுக்கு இடமிராது. தீப்பாதுகாப்பை முன்னிட்டு இதில் கிடங்குக்குக் கிடங்கு விதி மாறலாம் என்பதால், நிரப்புவதற்கு முன் கேட்டுக்கொள்வது நல்லது.

பெற்றோல் பழையதாகாமல் காக்கும் ஸ்டெபிலைசரை முதலில் தொட்டியில் ஊற்றி, அதன்மேல் பெற்றோல் நிரப்ப வேண்டும். அப்போதுதான் அது நன்கு கலக்கும். நான் பயன்படுத்தியது சிவப்பு நிற ஸ்டா-பில். 30 மில்லிலீற்றர் 9.5 லீற்றர் பெற்றோலுக்குப் போதும் என்பதும், 24 மாதம் வரை பெற்றோலைக் காக்கும் என்பதும் அதன் புட்டியிலேயே அச்சிட்டிருக்கும் கூற்றுகள். புட்டியின் கழுத்திலேயே அளவுக் குறிகள் இருப்பதால் தனிக் கோப்பை தேவைப்படுவதில்லை; குளிரில் உறைந்த விரல்களோடு பெற்றோல் நிலையத்தில் நிற்கும்போது இது பெரிய உதவி. ஊற்றியபின் வண்டியைச் சிறிது நேரம் ஓட்டினால்தான் ஸ்டெபிலைசர் கலந்த பெற்றோல் குழாய்களையும், எஞ்சினுக்குள் பெற்றோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர்களையும் சென்றடையும். கார்புரேட்டர் வண்டிகளில் அடிக்கிண்ணத்தை வடித்துவிடுவதும் வழக்கம். அதை எண்ணி இன்ஜெக்டர் உள்ள வண்டியையும் பெற்றோல் தீரும்வரை ஓடவிட்டு உலர்த்த முயல்வது தவறு, பம்ப் பழுதாகும்.

ஸ்டெபிலைசர் பற்றிய என் மதிப்பீடு, அது ஒரு கோடைக்கு ஐயமின்றிப் போதுமானது என்பதே. புட்டியில் 24 மாதம் என்று எழுதியிருந்தாலும், இரண்டாவது கோடையையும் அதே பெற்றோலை நம்பிக் கடப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பெற்றோலின் எளிதில் ஆவியாகும் பகுதி மெல்லக் குறைந்துகொண்டே போகும். குளிரில் எஞ்சின் உயிர்பெறுவதற்குத் தேவையானதே அந்தப் பகுதிதான். இவ்விடயத்தில் படகுத்துறையினர் என்னை விட விழிப்போடு இருந்தார்கள். வண்டி ஓடாமலே ஓராண்டு கடந்துவிட்டதைக் கவனித்து அவர்களே தொலைபேசியில் அழைத்து, பழைய பெற்றோலை வடித்து, புதியதை ஸ்டெபிலைசரோடு நிரப்பி, ஒருமுறை முழு வெப்பத்துக்கு ஓடவிட்டு, சேமிப்பு முறையை மறுபடியும் செய்துவைக்கலாமா என்று கேட்டார்கள். இதற்குத் தனிக் கட்டணம் இருந்தது. அது நியாயமான கட்டணமே. ஓராண்டுக்கு மேல் நிற்கும் வண்டிக்கு இந்த இடைக்காலப் பராமரிப்பு தேவை என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிவைத்தால் இன்னும் நன்றாக இருக்கும். எல்லா வாடிக்கையாளரின் வண்டியும் யாரோ ஒருவரின் நினைவாற்றலைச் சார்ந்திருக்கக் கூடாது.

வெளிப்புறத் தூய்மையை நான் ஒரு தனிப் பெருமையாகக் குறிப்பிட விரும்புகிறேன். ரொறன்ரோப் பெரும்பாகத்திலிருந்து வருவோர் வண்டியைத் திறந்த டிரெய்லரில் ஏற்றி நெடுஞ்சாலை 400 வழியே இழுத்து வருகிறார்கள். அந்தச் சாலையில் குளிர்காலம் முழுவதும் உப்புத் தூவப்படுகிறது. முன்னே செல்லும் வாகனங்கள் தெறிக்கும் உப்புநீர் முழுவதும் ஸ்னோமொபைலின் அடிப்பகுதியில் அப்பிக்கொள்கிறது. பனியில் மட்டும் ஓடிய வண்டி என்று பார்வைக்குத் தோன்றினாலும், அலுமினிய உடலும் எஃகு ஆணிகளும் சேரும் இடங்களில் உப்பு தங்கி அரிப்பைத் தொடங்கிவிடும். படகுத்துறையினர் வண்டியின் பின்புறத்தைத் தூக்கி நிறுத்தி, அடிப்பகுதி, சஸ்பென்ஷன், வெப்பமாற்றிகள் அனைத்தையும் நன்னீரால் கழுவி, ஒரு நாள் காற்றில் உலரவிட்டு, பிறகே கிரீஸ் இட்டார்கள். கழுவிய பிறகு கிரீஸ் இடுவதே சரி. கிரீஸ் முனைகளில் புதிய கிரீஸ் ஏறும்போது உள்ளே புகுந்த நீரும் பழைய அழுக்கும் வெளியே தள்ளப்படுகின்றன. அழுத்தம் மிகுந்த நீர்பீச்சியை பேரிங்குகளுக்கு நேரே பிடிக்கக் கூடாது என்ற கவனமும் அவர்களிடம் இருந்தது.

பின்புறத்தை மரக்கட்டைத் தாங்கியின் மேல் உயர்த்தி, வண்டியை உந்தும் ரப்பர் பட்டையான டிராக்கின் இழுவிசையைத் தளர்த்தியே நிறுத்துகிறார்கள். இதனால் சுருள்வில்களின் மேல் பாரம் இராது. டிராக் ஒரே வடிவில் இறுகிப்போகாது. தரையின் ஈரமும் எட்டாது. எஞ்சினின் விசையை டிராக்குக்குக் கடத்தும் பெல்ட்டைக் கழற்றி, வண்டியின் எண்ணிட்ட பையில் இட்டுத் தனியே தொங்கவிடுகிறார்கள். பெல்ட் மாதக்கணக்கில் ஒரே வளைவில் நின்றால் அவ்வடிவம் அதில் பதிந்துவிடும். அது தொட்டுக்கொண்டிருக்கும் கிளட்ச் தட்டுகளிலும் துரு ஏறும். தட்டுகளைத் துடைத்து உலர வைத்தார்கள், எண்ணெய் பூசவில்லை. துருவுக்கு அஞ்சி அதில் எண்ணெய் பூசுவோர் அடுத்த பருவத்தில் பெல்ட் வழுக்குவதைக் கண்டு வருந்துவார்கள்.

கொட்டகை உலோகக் கூரையும் கொங்கிறீற் தரையும் கொண்ட, சூடாக்கப்படாத கட்டடம். சூடாக்கப்பட்ட இடத்துக்குக் கூடுதல் பணம் கொடுக்கத் தேவையில்லை என்பது என் கருத்து. ஈரம் தேங்காத காற்றோட்டமே முக்கியம், அது அங்கே இருந்தது. வெயில் நேரே படும் யன்னல்கள் இல்லாததால் இருக்கையின் தோலும் முன்காப்புக் கண்ணாடியும் வெளிறாமல் இருந்தன. வண்டிகளைக் காற்று ஊடுருவும் துணியால்தான் மூட அனுமதிக்கிறார்கள். தார்ப்பாய் மூடினால் தரையிலிருந்து எழும் ஈரம் உள்ளேயே சிக்கிக்கொள்ளும். குறைந்த கட்டணத்தில் வெளிமுற்றத்தில் விடும் வாய்ப்பும் உண்டு; அங்கே படகுகளுக்குச் செய்வது போலப் பிளாஸ்டிக் உறை இட்டுச் சுருக்கி, காற்றுத் துளைகள் வைக்கிறார்கள். ஒரு கோடைக்கு அது பரவாயில்லை. ஓராண்டுக்கு மேல் என்றால் உள்ளிடத்தைத் தவிர வேறெதையும் ஏற்க வேண்டாம்.

இனிக் குறைகள். காட்டோரக் கொட்டகையில் எலி வராமல் இராது. சிறுவிரல் நுழையும் துளை போதும், சுண்டெலி உள்ளே வந்துவிடும். காற்று வடிகட்டிப் பெட்டி அதற்கு மிகப் பிடித்த கூடு. படகுத்துறையினர் சைலன்ஸரின் வாயையும் காற்று நுழையும் வழியையும் கம்பி நாரால் அடைத்து, அவற்றை எடுத்துவிட வேண்டும் என்று நினைவூட்டும் சிவப்புத் துணியைக் கைப்பிடியில் கட்டியிருந்தார்கள். அது சரியான முறை. ஆனால் கொட்டகைக்குள் வைத்த பொறிகளை யாரும் அடிக்கடி பார்ப்பதாகத் தெரியவில்லை. இரண்டாவது கோடையின் முடிவில் வண்டியை எடுத்தபோது, பெல்ட் இருக்கும் பக்கத்து மூடிக்குள் இலைச்சருகும் இருக்கைப் பஞ்சும் சேர்த்துக் கட்டிய கூடு ஒன்று இருந்தது. மின்கம்பிகள் தப்பியது நற்பேறு. ஒப்படைக்கும் முன் மூடிகளைத் திறந்து பார்த்திருக்க வேண்டும். இதை அவர்களிடம் சொன்னபோது ஏற்றுக்கொண்டார்கள். அந்துருண்டை போட்டுவைக்கும் வழக்கத்தை அவர்கள் அனுமதிப்பதில்லை. அதன் நச்சுப்புகை மூடிய கொட்டகையில் வேலை செய்வோருக்குக் கேடு என்பதால், அந்தத் தடை சரியானதே.

பற்றரி விடயத்தில் குறை இன்னும் பெரிது. முதற்கோடையில் அவர்கள் செய்தது இணைப்பைக் கழற்றி வைத்தது மட்டுமே. முழுதாக ஏற்றப்பட்ட 12 வோல்ட் ஈய-அமிலப் பற்றரி ஏறத்தாழ 12.7 வோல்ட் காட்டும். இணைப்பைக் கழற்றினாலும் அது தானாக மெல்ல இறங்கிக்கொண்டே போகும், வெப்பத்தில் இன்னும் விரைவாக இறங்கும். 12.4 வோல்ட்டுக்குக் கீழே நீண்ட நாள் கிடந்தால் உள்ளேயுள்ள தகடுகளில் சல்பேற் படிந்து இறுகி, மீண்டும் ஏற்றினாலும் பழைய வலு திரும்பாது. என் பற்றரிக்கு நேர்ந்தது இதுவே. புதியது வாங்க வேண்டியதாயிற்று. வரிசையாக நிற்கும் வண்டிகளுக்கெல்லாம் பராமரிப்பு சார்ஜர் இணைப்பது தீ அபாயம் என்று அவர்கள் சொல்லும் காரணத்தை நான் மதிக்கிறேன். அப்படியானால் பற்றரியைக் கழற்றி உரிமையாளர் கையிலேயே கொடுத்துவிடுவதுதான் முறை. இரண்டாவது கோடைக்கு நான் அதையே கேட்டுப் பெற்று, வீட்டு அடித்தளத்தில் தானாக நின்று இயங்கும் சிறு சார்ஜரில் இணைத்து வைத்தேன். எந்தக் குறையும் வரவில்லை.

படகுத்துறை முறையில் ஒளிந்திருக்கும் மிகப் பெரிய சிக்கல் நாட்காட்டியில் இருக்கிறது. ஒக்டோபர் இரண்டாம் திங்களன்று வரும் நன்றியறிதல் நாளை ஒட்டிப் படகுகள் நீரிலிருந்து ஏறத் தொடங்கும். அதற்குள் ஸ்னோமொபைல்கள் வெளியேற வேண்டும். பனிப்பாதைகளோ டிசம்பர் கடைசிக்கு முன் திறப்பது அரிது. இடைப்பட்ட மாதங்களில் வண்டியை எங்கே வைப்பது என்ற கேள்விக்கு விடை இல்லாதவர்கள், குறிப்பாக மார்க்கம், ஸ்காபரோ போன்ற இடங்களில் ஒடுக்கமான வரிசை வீடுகளில் வசிப்போர், வசந்தத்திலேயே இதைப் பேசி முடிக்க வேண்டும். எனக்குப் பட்டறையை ஒட்டிய சிறு கொட்டகையில் இடம் கொடுத்தார்கள். ஆனால் குளிர்காலம் முழுவதும் அங்கே தங்கியதற்குப் படகு வாடகைக் கணக்கில் சதுர அடிக்குக் கட்டணம் வாங்கினார்கள். அது கோடைக் கட்டணத்தைவிடக் கணிசமாக அதிகம். குளிர்காலத்தில் ஒரு படகின் இடத்தை ஸ்னோமொபைல் பிடித்துக்கொள்கிறது என்பதால் கணக்கு நியாயமானதே என்றாலும், முதல் நாளே சொல்லியிருக்க வேண்டிய செய்தி அது.

ஒப்பந்தத்தில் இன்னொரு வரியையும் கூர்ந்து படியுங்கள். தீ, திருட்டு, எலி, வெள்ளம் ஆகியவற்றால் வாடிக்கையாளரின் பொருளுக்கு நேரும் இழப்புக்குப் படகுத்துறை பொறுப்பல்ல என்று அதில் தெளிவாக எழுதியிருக்கிறது. ஒன்ராறியோவில் பனிப்பாதையில் ஓட்டுவதற்கு வண்டிப் பதிவும் காப்புறுதியும் சட்டப்படி வேண்டும். ஓட்டாத காலத்தில் பணத்தை மிச்சப்படுத்த முழுக் காப்புறுதியையும் நிறுத்திவிடுவோர் உண்டு. அவ்வாறு செய்யாமல், நிறுத்திவைத்த வண்டிக்குத் தீ, திருட்டு ஆகியவற்றுக்கான காப்பையாவது தொடருமாறு முகவரிடம் கேளுங்கள். ஒப்படைக்கும்போது வண்டியின் அடையாள எண்ணையும் ஓடிய தூரத்தையும் நாலாபுறத் தோற்றத்தையும் படமெடுத்து வைப்பதும் அவசியம். படகுத்துறையினர் தாமும் படமெடுத்து எனக்கு அனுப்பினார்கள். இந்த ஒழுங்கு எல்லா இடத்திலும் கிடைப்பதில்லை.

வண்டியை மீட்ட நாளின் அனுபவம் அவர்களின் வேலைக்குச் சான்றாக அமைந்தது. கம்பி நாரை அகற்றி, கூட்டைச் சுத்தம் செய்து, பெல்ட்டை மாட்டி, டிராக்கை இறுக்கி, குளிர்விப்பு நீர்மத்தையும் எண்ணெயையும் பார்த்தபின் ஸ்டார்ட் செய்தோம். சில நிமிடம் கொட்டகை வாயிலே மறையும்படி வெண்புகை எழுந்தது. உள்ளே படிந்திருந்த எண்ணெய் எரியும்போது இது இயல்பு, அஞ்ச வேண்டியதில்லை. அந்த எண்ணெயில் ஸ்பார்க் பிளக்குகள் நனைந்து செயலிழக்கக்கூடும் என்பதால் புதிய சோடி ஒன்றைக் கையில் வைத்திருப்பது நல்லது. பழையவற்றை மாற்றியதும் எஞ்சின் சீராக ஓடியது. ஈரத்தை உறிஞ்சும் தன்மையுள்ள பிரேக் நீர்மத்தை இரண்டாண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்பதை நினைவூட்டி, அதையும் அன்றே மாற்றிக் கொடுத்தார்கள். அப்பருவம் முழுவதும் எஞ்சின் எவ்விதச் சத்தமோ தயக்கமோ இன்றி ஓடியது. உள்ளே துரு ஏறியிருந்தால் அது முதல் நூறு கிலோமீற்றரிலேயே தெரிந்திருக்கும்.

விற்பனை முகவர்களிடமும் வண்டியை ஓய்வுக்குத் தயார்செய்யும் சேவை கிடைக்கிறது. உத்தரவாதக் காலம் முடியாத புதிய வண்டிக்கு அவர்களிடம் போவதே பொருத்தம், ஏனெனில் செய்த வேலை அவர்களின் ஏட்டில் பதிவாகும். ஆனால் பலரிடம் நிறுத்திவைக்க இடம் இருப்பதில்லை. சொந்தக் கொட்டகையும் கைவேலைப் பழக்கமும் உள்ளவர்கள் மேலே சொன்ன அனைத்தையும் ஒரு சனிக்கிழமையில் தாமே செய்து முடிக்கலாம். யமஹா போன்ற ஃபோர்-ஸ்ட்ரோக் வண்டி வைத்திருப்போர் அதோடு பழைய எஞ்சின் எண்ணெயையும் மாற்றிவிட வேண்டும், ஏனெனில் எரிந்து கலங்கிய எண்ணெயில் சேர்ந்த அமிலம் கோடை முழுவதும் உள்ளுறுப்புகளை அரிக்கும். இடமும் பழக்கமும் இல்லாதவர்களுக்கு இந்தப் படகுத்துறை முறையை நான் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். அடுத்த வசந்தத்துக்கும் என் வண்டிக்கு அங்கேயே இடம் பதிந்திருக்கிறேன். பற்றரி என்னிடம் இருக்கும், ஓராண்டு கடந்தால் பெற்றோலை மாற்ற வேண்டும், மாதம் ஒருமுறை பொறிகளையும் மூடிகளையும் பார்க்க வேண்டும் என்ற மூன்று வரிகளை இம்முறை ஒப்பந்தத்தில் சேர்க்கச் சொன்னேன், சேர்த்திருக்கிறார்கள். உள்ளிடம் குறைவு என்பதால் பனி உருகத் தொடங்கும் முன்பே அழைத்துப் பதிய வேண்டும்; ஏப்ரல் இறுதியில் கேட்டவர்களுக்கு வெளிமுற்றமே கிடைத்தது.